வீட்டில் செய்த கத்தி தீட்டும் வார் தொய்கிறது: எந்தத் தோல் வாங்குவது?

ஈசூன்வாசி:
வணக்கம். ஜெர்மனியின் சோலிங்கன் நகரத்து மடக்குக் கத்தி ஒன்றில் சவரம் செய்யப் பழகிக்கொண்டிருக்கிறேன். கத்தியைச் சாணைக்கல்லில் நன்றாகத் தீட்டித்தான் கொடுத்தார்கள், முதல் சில சவரங்கள் வெண்ணெய் மாதிரி போயின. தினமும் தீட்டத் தோல் வார் வேண்டுமே என்று, சோபாவுக்கு உறை தைக்கும் கடையில் மீந்த துண்டு ஒன்றை வாங்கி இரண்டரை அங்குல அகலத்தில் வெட்டி, குளியலறைக் கதவுக் கைப்பிடியில் மாட்டினேன். இழுத்துப் பிடித்தால் நடுவில் ஒடுங்குகிறது, கத்தியை வைத்தால் பள்ளமாகிறது. தீட்டத் தீட்டக் கூர் குறைகிற மாதிரி இருக்கிறது. தாடையில் முடியைப் பிடித்து இழுக்கிறது.

வேறு தோல் வாங்கலாம் என்றால் வெஜ் டேன், லாட்டிகோ, பிரைடில், குதிரைத் தோல் என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். இன்னொன்று, மாட்டுத் தோல் வீட்டுக்குள் வேண்டாம் என்கிறார் அம்மா. செருப்பு எதில் செய்தது என்று கேட்டால் அது வாசலில்தானே கிடக்கிறது என்று பதில் வரும். மாட்டுத் தோல் இல்லாமல் வழி உண்டா?

பழையகத்தி:
முதலில் ஒன்று சொல்லுங்கள். நிஜமான கத்தியா, முடிதிருத்தும் கடைகளில் பாதி பிளேடு மாட்டி வைத்திருக்கிறார்களே அந்த வகையா? அதுவானால் வாரே வேண்டாம், பிளேடை மாற்றினால் போதும். நிஜக் கத்திதான் என்றால் உங்கள் தோலைப் புதிதாக ஓர் ஓரத்தில் வெட்டி, வெட்டுவாய் என்ன நிறம் என்று பாருங்கள்.

ஈசூன்வாசி:
நிஜக் கத்திதான் அண்ணே. வெட்டிப் பார்த்தேன். மேலே பழுப்பு, நடுவில் சாம்பலும் நீலமும் கலந்த நிறம்.

தோல்பை:
அப்படியானால் அது குரோம் தோல். பை, பணப்பை தைக்கிறவன் என்ற முறையில் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

குரோமிய உப்பில் பதனிட்ட தோல் மிருதுவாக இருக்கும், நன்றாக நீளும். சோபாவுக்கும் கையுறைக்கும் அதுதான் வேண்டும். வாருக்கு அதே குணம்தான் எதிரி. கத்தியின் கூர் ஒரு மைக்ரானுக்கும் குறைவான தடிமன். மெத்தையில் கால் புதைகிற மாதிரி தோல் அமுங்கி, கத்தி கடந்ததும் பின்னால் எழும்பி, கூரின் நுனியை உரசி உருட்டிவிடும். போதாததற்கு சோபாத் தோலின் மேல் நிறமும் பிளாஸ்டிக் பூச்சும் இருக்கும். உங்கள் கத்தி தோலைத் தொடவே இல்லை, பூச்சின் மேல்தான் வழுக்கிக்கொண்டிருக்கிறது.

வாருக்கு வேண்டியது மரப்பட்டைச் சாற்றில் பதனிட்ட தோல். கடைகளில் வெஜ் டேன் என்று கேளுங்கள். நம் ஊரில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிட்டார்களே, அதே முறைதான். திண்டுக்கல், ஈரோடு, திருச்சிப் பக்கத்து இ.ஐ. (கிழக்கிந்திய) தோல் புவிசார் குறியீடு பெற்றது இதற்காகத்தான். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை என்றால் பெரும்பாலும் குரோம். ஊருக்குப் போகிறவர்களிடம் சொல்லி அனுப்பும்போது இந்த வித்தியாசம் நினைவிருக்கட்டும்.

பட்டையின் துவர்ப்புப் பொருள் நார்களுக்கு நடுவே நிறைந்துவிடுவதால் தோல் கெட்டியாக நிற்கும். வெட்டுவாய் முழுக்க ஒரே பழுப்பாகத் தெரியும். சந்தேகம் என்றால் நகத்தளவு துண்டைக் கொதிக்கும் நீரில் ஒரு நிமிடம் போடுங்கள். வெஜ் டேன் சுருண்டு, ஆறியதும் விறைத்துப் போகும். குரோம் தோலுக்கு அவ்வளவாக ஒன்றும் ஆகாது. 'அசல் தோல்' என்ற முத்திரையை மட்டும் நம்பாதீர்கள். தோலைப் பிளந்து, அடிப்பாதியின் மேல் பூச்சுப் பூசியதற்கும் அந்தப் பெயர்தான்.

அடுத்தது, தோலின் எந்த இடம் என்பது. எந்த விலங்கு என்பதைவிட இதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். முதுகும் பின்பக்கமும் நார் அடர்ந்த பகுதி. வயிற்றுப்பக்கம் மலிவு, ஆனால் தளர்ந்தது. நீங்கள் இப்போது படும் பாட்டையே அதிலும் படுவீர்கள். விற்பவர்கள் பட், ஷோல்டர், பெல்லி என்பார்கள். பட் கேளுங்கள், முதுகெலும்பின் திசையிலேயே நீளவாக்கில் வெட்டித் தரச் சொல்லுங்கள், குறுக்கே வெட்டினால் அதிகம் நீளும். கடையில் மேல்புறம் உள்ளே போகும்படி தோலை மடித்துப் பாருங்கள். மெல்லிய வரிகளாகச் சுருங்கினால் எடுக்கலாம், பெரிய மடிப்பாகப் பிதுங்கினால் வைத்துவிட்டு வரலாம்.

தடிமன், தொங்கும் வாருக்கு இரண்டரை முதல் மூன்றரை மில்லிமீட்டர். சிலர் அவுன்ஸில் விற்பார்கள். ஒரு அவுன்ஸ் சுமார் 0.4 மில்லிமீட்டர், 7 அல்லது 8 அவுன்ஸ் என்றால் சரியாக வரும். அகலம் மூன்று அங்குலம் இருந்தால் கத்தி முழுவதும் ஒரே இழுப்பில் படும். இரண்டரை என்றால் சற்றுச் சாய்த்து இழுக்க வேண்டும், அது பழக்கம்தான். வழவழப்பான மேல்புறம்தான் கத்திக்கு. அடியில் இருக்கும் சதைப்புறம் வேண்டாம்.

தேக்காக்காரன்:
அம்மாவுக்கு எருமைத் தோல் பிரச்சினை இல்லையே? எருமையிலும் வெஜ் டேன் கிடைக்கிறது. நார் சற்றுத் தடிப்பு, மேல்புறத்தில் சொரசொரப்பு தெரியும், உப்புத்தாள் போட்டுச் சமன் செய்துகொள்ளலாம். குதிரைத் தோல் இன்னும் வழவழப்பு. அதிலும் பின்பக்கத்து ஷெல் என்ற பகுதி கண்ணாடி மாதிரி, விலையும் அப்படித்தான். கத்தி அதில் இழுவையே, அதாவது தோல் கத்தியைப் பிடிக்கும் பிடிப்பே, இல்லாமல் ஓடும். சிலருக்கு அது பிடிக்கும். எனக்குக் கை ஒன்றும் உணராததால் பிடிக்கவில்லை.

நீங்கள் கேட்ட லாட்டிகோ, பிரைடில் இரண்டும் எண்ணெய், மெழுகு ஏற்றிய தோல். இழுவை கூடுதல். ஆனால் அவை பெரும்பாலும் மாட்டுத் தோல்தான்.

என் வீட்டிலோ பன்றித் தோல் ஆகாது. அதன் மயிர்த்துளைகள் மூன்று மூன்றாக முக்கோணமாக இருக்கும், கூர்ந்து பார்த்தால் தெரிந்துவிடும். இந்தப் பயத்தோடு இணையத்தில் வாங்கத் தயங்குகிறவர்களுக்காகச் சொன்னேன்.

முதலைத் தோல் பதனிடும் ஆலை சிங்கப்பூரிலேயே உண்டு. ஆசைப்பட வேண்டாம், செதிலும் பள்ளமுமாக இருக்கும் தோலில் கத்தியை என்ன செய்வது!

பழையகத்தி:
எல்லாம் சரி, ஆனால் பழகுகிறவருக்குத் தொங்கும் வார் எதற்கு? மரப்பலகையில் ஒட்டிய தோலே போதும். இரண்டு மில்லிமீட்டர் தோல் தாராளம், தொய்வு என்ற பேச்சே கிடையாது. வீவக அடுக்குமாடி வீட்டில் மாட்ட இடமும் தேட வேண்டாம். பழைய இடுப்பு பெல்ட்டை மட்டும் வெட்டிவிடாதீர்கள். ஒன்றரை அங்குல அகலம்தான் வரும், பலவற்றில் இரண்டு மெல்லிய தோலுக்கு நடுவே அட்டை வைத்திருப்பார்கள். முடிதிருத்துவோர் வைத்திருந்த பழைய வாரைத் தேடலாம் என்றாலும், பழைய பொருள் விற்ற சுங்கை ரோடு சந்தை 2017 ஜூலையில் மூடிய பிறகு அலைவதற்கு ஏது இடம்?

பலகையில் பச்சைப் பசை, அதாவது குரோமியம் ஆக்சைடு, அரை மைக்ரான், லேசாகத் தடவிவிட்டால் கூர் திரும்பி வரும்.

தோல்பை:
பலகை பற்றி ஒத்துக்கொள்கிறேன். பசையில் மட்டும் அவசரம் வேண்டாம் அண்ணே. ஒருமுறை தோலில் ஏறினால் முழுதாக எடுக்க முடியாது. தினமும் தீட்டுகிற தோல் வெறுமையாகவே இருக்கட்டும். பசைக்குத் தனித் துண்டு, பால்சா மரத்துண்டுகூடப் போதும், எப்போதாவது கூர் மங்கும்போது மட்டும் அதில் இழுக்கலாம். ஈசூன்வாசியின் கத்தியில் இப்போது நுனி உருண்டிருந்தால் அதற்கு உங்கள் யோசனை சரி. அதற்கும் சரியாகவில்லை என்றால் மெல்லிய சாணைக்கல்தான்.

ஈசூன்வாசி:
எருமைக்கு அம்மா சரி என்றுவிட்டார். வெஜ் டேன் பட், 3 மில்லிமீட்டர், மூன்று அங்குல அகலத்தில் ஒரு நீளத் துண்டு வாங்கியாயிற்று. கொதிநீரில் ஓர் ஓரத்தைப் போட்டதும் சுருண்டு மரக்கட்டை மாதிரி ஆகிவிட்டது, நிம்மதி. ஆனால் தோல் காய்ந்த மாதிரி இருக்கிறது, கத்தி சும்மா சறுக்குகிறது. தேங்காய் எண்ணெய் தடவலாமா? அப்புறம், அலமாரியில் வைத்த துண்டில் அதற்குள் வெள்ளையாக ஏதோ பூத்திருக்கிறது.

தோல்பை:
எண்ணெயை அள்ளி ஊற்றினால் வாங்கிய கெட்டித்தன்மை போய்விடும். முதலில் 400, பிறகு 600 உப்புத்தாள் போட்டு மேல்புறத்தை லேசாகத் தேயுங்கள். ஈரத்துணியால் ஒற்றி, சமமான இடத்தில் வைத்து, கண்ணாடிப் புட்டியை அழுத்தி உருட்டுங்கள். நார் அமுங்கிப் பளபளப்பு வரும். நிழலில் காயட்டும். பிறகு சுத்தமான உள்ளங்கையால் தினமும் கொஞ்ச நேரம் தேய்த்து வாருங்கள், கையின் எண்ணெய்ப் பசையே மெல்ல இழுவையைக் கொண்டுவரும். பொறுமை இல்லை என்றால் நீட்ஸ்ஃபுட் எண்ணெய் ஓரிரு சொட்டு. அது மாட்டுக் காலிலிருந்து எடுப்பது, அம்மாவிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

வெள்ளைப் பூப்புக்கு முடி உலர்த்தியைக் காட்டிப் பாருங்கள். உருகி மறைந்தால் தோலின் கொழுப்பு, கவலை இல்லை. அப்படியே இருந்தால் பூஞ்சை. இந்த ஊரில் ஈரப்பதம் சராசரியாகவே 80 சதவீதத்துக்கு மேல், பட்டைத் தோலில் பூஞ்சை சீக்கிரம் பிடிக்கும். வெளியே கொண்டுபோய்த் துடைத்துக் காற்றாட விடுங்கள். பிளாஸ்டிக் பையில் சுற்றி வைக்காதீர்கள், குளியலறையில் தொங்கவிடாதீர்கள்.

தேக்காக்காரன்:
என் வார் மின்விசிறி ஓடும் அறையில்தான் தொங்குகிறது. படம் எடுக்கும் நண்பர் இருந்தால் கேமரா வைக்கும் உலர்பெட்டியில் இடம் கேளுங்கள். கத்திக்கும் அது நல்லது, துரு பிடிக்காது.

ஈசூன்வாசி:
முடி உலர்த்தி காட்டினேன், போகவில்லை. பூஞ்சைதான். துடைத்து உணவு மேசைப் பக்கம் வைத்திருக்கிறேன், அம்மா முறைக்கிறார். கடைசியாக ஒன்று: தொங்கும் வாராகவே வைத்துக்கொள்ளலாம் என்று பார்க்கிறேன். எங்கே மாட்டுவது, எப்படி இழுப்பது?

பழையகத்தி:
பிடிவாதம்தான் தம்பி. இடுப்புக்குக் கொஞ்சம் மேலே வருகிற மாதிரி சன்னல் கம்பியில் கொக்கி போடுங்கள். கதவுக் கைப்பிடி வேண்டாம், யாராவது கதவைத் திறந்தால் வார் அறுபடும், விரலும் போகும். வார் தொய்யாமல் இழுத்துப் பிடித்து, கத்தியின் முதுகும் கூரும் இரண்டும் தோலில் படும்படி வைத்து, முதுகு முன்னே போக இழுக்க வேண்டும். திருப்பும்போது முதுகின் மேல் உருட்டித் திருப்புங்கள், கூரின் பக்கமாகத் திருப்பினால் தோல் வெட்டுப்படும். அழுத்தவே கூடாது. முதலில் துணியில், காரின் பழைய இருக்கைப் பட்டைகூட ஆகும், முப்பது நாற்பது இழுப்பு. அப்புறம் தோலில் ஐம்பது. சின்ன வெட்டு விழுந்தால் 600 உப்புத்தாளால் அந்த ஓரத்தைச் சமன் செய்துகொள்ளுங்கள், பெரிய வெட்டானால் அந்தத் துண்டைப் பலகையில் ஒட்டிவிடலாம்.