விமர்சனம் வரும்வரை வெளியீட்டைத் தள்ளிப்போடலாமா?

நிலவறை:
நானும் என் தங்கையும் மூன்று வருடம் உட்கார்ந்து செய்த புதிர் விளையாட்டு வியாழக்கிழமை ஸ்டீம் என்ற இணைய விளையாட்டுக் கடையில் வெளியாகிறது. மூன்று வாரத்துக்கு முன்பே 42 விமர்சகர்களுக்கு, விளையாட்டை இலவசமாகத் திறக்கும் கீ அனுப்பிவிட்டோம். 9 பேர்தான் அதைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். ஒரு விமர்சனமும் வரவில்லை. ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து மெயில் பார்க்கிறேன். இரண்டு வாரம் தள்ளிப்போடலாமா?

கட்டைவிரல்:
வேண்டாம். வெளியீட்டுக்கு முந்தைய கடைசி 14 நாளுக்குள் வந்துவிட்டால் தேதியை நீங்களாக மாற்றவும் முடியாது, ஸ்டீமிடம் கேட்க வேண்டும். காசு கொடுத்து வாங்கிய 10 பேர் எழுதினால்தான் உங்கள் பக்கத்தில் மதிப்பீடே தெரியும். கீ வாங்கி விளையாடியவர்கள் எழுதுவது அந்தக் கணக்கில் சேராது. அந்தப் பத்துப் பேரைத் தேடுங்கள். அமங் அஸ் விளையாட்டு 2018இல் வந்தது. 2020இல், விளையாடுவதை நேரலையில் காட்டும் ஸ்ட்ரீமர்கள் கையில் எடுத்த பிறகுதான் உலகமே விளையாடியது. விமர்சகர்களா தூக்கிவிட்டார்கள்?

மையிருள்:
அந்த இரண்டு வருடம் அண்ணன் தங்கை இருவரும் எதை வைத்துத் தாக்குப்பிடிப்பார்கள்? பாலட்ரோ விளையாட்டைப் பாருங்கள். ஒரே ஆள் செய்தது. 2024 பிப்ரவரியில் வந்ததுமே விமர்சகர்கள் கொண்டாடினார்கள், ஏறத்தாழ ஒரே மாதத்தில் 10 லட்சம் விற்றது.

கட்டைவிரல்:
அதன் டெமோவை, அதாவது இலவச மாதிரியை, அதற்கு முன்பே ஏராளமானவர்கள் விளையாடிவிட்டார்கள். விமர்சகர்கள் தீயை மூட்டவில்லை, ஊதிவிட்டார்கள். இன்னொன்று: ஃபால்அவுட் நியூ வேகாஸ் விளையாட்டுக்கு, விமர்சகர்களின் மதிப்பெண்களைச் சராசரியாக்கிக் காட்டும் மெட்டாகிரிட்டிக் தளத்தில் 85 வந்தால், அதைச் செய்த அப்சிடியன் நிறுவனத்துக்குப் போனஸ் என்று ஒப்பந்தம். வந்தது 84. ஒரு புள்ளியில் பணம் போனது. உழைப்பை அப்படி ஒரு எண்ணிடம் அடகு வைக்கக் கூடாது என்கிறேன்.

மையிருள்:
எண்ணை நானும் மதிக்கவில்லை. எழுத்தைத்தான் சொல்கிறேன். என் முதல் விளையாட்டுக்கு வந்தது ஒரே ஒரு விமர்சனம், பத்துக்கு ஆறு. 'மூன்றாம் அறையில் விளக்கு இடப்பக்கம் இருக்கிறது, கதவின் நிழலும் இடப்பக்கமே விழுகிறது. நிழலைத் துப்பாக நம்பியவன் ஏமாந்துபோகிறான்' என்று எழுதியிருந்தார். அந்த அறையை ஆயிரம் தடவை பார்த்த எனக்கு அது கண்ணில் படவில்லை. 'சூப்பர்' என்று ஒரு வரி எழுதும் பத்துப் பேர் இதைச் சொல்வார்களா?

கட்டைவிரல்:
அதை வெளியீட்டுக்கு முன்பே சோதனையாளர்கள் சொல்லியிருக்க வேண்டும். வாங்கிய 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடியவர் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். முதல் இரண்டு மணி நேரத்தில் அப்படி ஒரு அறை இருந்தால் ஆள் போய்விடுவார்.

சேவ்ஃபைல்:
குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். நிலவறை, எம்பார்கோ, அதாவது அதுவரை விமர்சனம் வெளியிடக் கூடாது என்ற தடை, எப்போது முடிகிறது?

நிலவறை:
வியாழன் மாலை. வெளியீட்டு நேரமேதான்.

சேவ்ஃபைல்:
அப்படியானால் இன்று எப்படி விமர்சனம் வரும், நண்பரே? அந்த 9 பேரும் நீங்கள் கேட்டுக்கொண்டபடி காத்திருக்கிறார்கள். ஒரு நாள் முன்னால் நகர்த்தி மெயில் போடுங்கள்.

கட்டைவிரல்:
இதை முதலில் நான் கேட்டிருக்க வேண்டும். ஆனாலும் சொல்கிறேன், டெமோவையும் சேர்த்து வெளியிடுங்கள்.

நிலவறை:
புதன் காலை என்று மாற்றி 9 பேருக்கும் எழுதினேன். ஒருவர் உடனே பதில் போட்டார்: நான்காம் புதிரில் வெளியேறித் திரும்பி வந்தால் சேவ் செய்த ஆட்டம் அழிந்துவிடுகிறதாம். தங்கை இப்போது அதைத்தான் தோண்டிக்கொண்டிருக்கிறாள். தேதியை மாற்றவில்லை.