புதுப்பிப்பு: அப்பா வீட்டு நெட் பிரச்சினை தீர்ந்தது, காரணம் கொசு!

போன மாதம் இங்கே கேட்டிருந்தேன்: ஊரில் அப்பா வீட்டில் தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் நெட் விட்டுவிட்டுப் போகிறது, ரவுட்டரை மாற்றலாமா என்று. பலரும், அந்த நேரத்தில் எல்லோரும் பயன்படுத்துவதால் நெரிசல் என்றீர்கள். நானும் அதையே நம்பினேன்.

தீபாவளி விடுமுறையில் நேரில் போய் உட்கார்ந்து பார்த்தேன். ஆறு மணி. அம்மா கொசு வருகிறது என்று பால்கனிக் கதவைச் சாத்தினார். அடுத்த நிமிடம் ரவுட்டரில் சிவப்பு விளக்கு. கதவைத் திறந்தால் பச்சை!

நெட் வரும் ஃபைபர் கேபிள் (ஒளி வழியாகத் தகவல் கொண்டுவரும் கண்ணாடி இழை) அந்தக் கதவிடுக்கு வழியாகத்தான் உள்ளே வருகிறது. கதவு அழுத்தும்போது கேபிள் மடங்கி, வளைவில் ஒளி கசிந்துவிடுகிறது. வந்து சேரும் ஒளியின் வலிமையை ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் பார்த்தேன்: கதவு திறந்திருந்தால் மைனஸ் 20 டிபிஎம் (ஒளி வலிமையின் அலகு; மைனஸ் எண் பெரிதானால் ஒளி குறைவு), சாத்தினால் மைனஸ் 29. மைனஸ் 27, 28-ஐத் தாண்டினாலே இணைப்பு தள்ளாடும். இரண்டு முறை வந்த டெக்னீஷியன் காலையில் வந்ததால் எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார், பாவம்.

சுவரில் துளை போட்டுக் கேபிளை மாற்றிவிட்டோம். டிவி அலமாரிக்குள் பூட்டிவைத்திருந்த ரவுட்டரையும் வெளியே எடுத்து மேலே வைத்தேன். பின்கட்டு அறையில் இன்னும் 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை (வேகம் அதிகம், எட்டும் தூரம் குறைவு) எட்டவில்லை. அப்பாவின் போனை அதைவிடத் தூரம் எட்டும் 2.4 கிகாஹெர்ட்ஸில் விட்டுவிட்டேன், செய்தி பார்க்க அது போதும்.

புது ரவுட்டர் வாங்கவில்லை. கடவுச்சொல்லை மட்டும் அம்மா தினசரிக் காலண்டர் அட்டையில் எழுதி வைத்திருக்கிறார்.