புதிய பாவனையாளர் சட்டம் வந்தால் சின்ன ட்ரவல்ஸ்காரருக்கு எவ்வளவு காலம் தரவேண்டும்?

கரைச்சி வான்:
வணக்கம். கிளிநொச்சியில் ஏ9 ஓரமாகச் சின்ன ட்ரவல்ஸ் ஒன்று நடத்துகிறேன், இரண்டு ஹையேஸ் வான், உதவிக்கு ஒரு தங்கச்சி, அவ்வளவுதான். வெளிநாட்டிலிருந்து வரும் எங்கள் சனத்தைக் கட்டுநாயக்காவில் ஏற்றி வந்து, மடு, திருக்கேதீஸ்வரம், நல்லூர் என்று கூட்டிப்போய், தங்க இடமும் பிடித்துக் கொடுப்போம். சில வேளை சிதம்பரம், திருவண்ணாமலை யாத்திரையும் சேரும்.

லண்டனிலிருந்து எனக்கு ஆட்களை அனுப்பும் ஒருவர் போன கிழமை நாலு பக்க ஒப்பந்தம் ஒன்று அனுப்பியிருக்கிறார். வான் பழுதானால் எத்தனை மணித்தியாலத்துக்குள் மாற்று வான், அறை சொன்னபடி இல்லாவிட்டால் யார் காசு திருப்பிக் கொடுப்பது, எல்லாம் எழுத்தில் வேண்டுமாம். அங்கத்தைய சட்டப்படி இங்கே நான் விடும் பிழைக்கும் அவர்தான் பொறுப்பு.

இங்கே எங்களுக்கு இருப்பது 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் சட்டம். வான், அறை எல்லாம் சேர்த்து ஒரே விலைக்கு விற்கும் பயணப் பக்கேஜை மனதில் வைத்து எழுதியது அல்ல. நாளைக்கு அப்படி ஒன்று இங்கேயும் வரத்தான் வேண்டும், அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் ஆயத்தமாக எவ்வளவு காலம் கேட்பது நியாயம்? ஆறு மாதமா, ஒரு வருடமா? வரும் மாதம் தொழில்காரர் கூட்டம் இருக்கிறது, அங்கே கதைக்க வேண்டும்.

மல்லாவிக்காரன், ஈஸ்ட்ஹாம்:
தம்பி, லண்டன்காரர் சொல்லும் அந்தப் பயணப் பக்கேஜ் சட்டம் வந்த நேரம் நான் இங்கே ஒரு டிக்கெட் கடையில் வேலை செய்தேன், அதனால் கண்ட விஷயத்தைச் சொல்கிறேன். பிரித்தானியாவும் அப்போது சேர்ந்திருந்த ஐரோப்பிய ஒன்றியம் அதை 2015 நவம்பரிலேயே நிறைவேற்றிவிட்டது. 1990இல் எழுதிய பழைய சட்டம் கம்பனியின் விளம்பரப் புத்தகம் பார்த்து விடுமுறைப் பயணம் வாங்கிய காலத்துக்கு உரியது, இப்போது சனம் இணையத்தில் விமானம் ஒரு இடம், ஹோட்டல் இன்னொரு இடம் என்று சேர்த்து வாங்குகிறது, அதைப் பிடிக்கத்தான் புதியது. ஒவ்வொரு நாடும் 2018 யனவரி 1க்குள் தன் விதிகளை எழுத வேண்டும், யூலை 1 முதல் அமல். கணக்குப் பார்த்தால் இரண்டரை வருடம், தாராளம்தானே. ஆனால் பிரித்தானியா தன் விதிகளை அந்த யனவரி கடந்த பிறகுதான் வெளியிட்டது, அமலாகும் நாளோ மாறவில்லை. பெரிய கம்பனிகள் வழக்கறிஞர் வைத்து முன்பே பார்த்துவிட்டன. எங்கள் கடையில் முதலாளி இரவு பதினொரு மணிக்கு மேசையில் இருந்து, வாடிக்கையாளருக்குப் பணம் கட்டுமுன் கொடுக்க வேண்டிய தகவல் படிவத்தைச் சொல் சொல்லாகப் பார்த்துத் தட்டச்சு செய்துகொண்டிருந்தார், அது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. ஆகவே எத்தனை மாதம் என்று மட்டும் கேட்காதே. கடைசி வடிவம் அச்சில் வந்த நாளிலிருந்து எத்தனை மாதம் என்று கேள்.

இன்னொன்று. இங்கே யூலை 1 அன்றும் அதற்குப் பிறகும் செய்த ஒப்பந்தங்களுக்குத்தான் புதிய விதி, அதற்கு முதல் பதிவு செய்தவர் பின்னர் பயணம் போனாலும் பழைய விதிதான். ஆவணி மடுத் திருவிழாவுக்கு உன்னிடம் மாசியிலேயே பதிவு செய்கிறார்கள் அல்லவா, அதனால் இந்த வரி உனக்கு மிகவும் முக்கியம்.

புதுக்குடியிருப்பு அக்கா:
எல்லோரும் தொழில்காரர் பக்கமே நின்று கதைக்கிறீர்கள். நான் அம்மாவையும் சித்தியையும் சிதம்பரம் அனுப்ப ஒருவரிடம் முற்பணம் கட்டினேன். பற்றுச்சீட்டு கேட்டதற்கு கலண்டர் தாளின் பின்பக்கத்தில் தொகையை எழுதி, கீழே ஒரு கையெழுத்து. திகதிகூட இல்லை. பயணம் தள்ளிப்போனது, பிறகு போனை எடுப்பதே இல்லை. இருக்கும் சட்டப்படி முறைப்பாட்டை மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும், நான் “இன்றைக்குத் தருவார், நாளைக்குத் தருவார்” என்று பார்த்தே அந்தக் காலத்தைக் கழித்துவிட்டேன். அம்மா கட்டிவைத்த பை ஒரு மாதம் கதவடியிலேயே கிடந்தது. நீங்கள் ஒரு வருடம் கேட்டால் அந்த ஒரு வருடமும் எங்களைப் போன்றவர்களின் காசுதான் போகும். பற்றுச்சீட்டு எழுத என்ன ஆயத்தம் வேண்டும் தம்பி? கார்பன் தாள் வைத்த புத்தகம் ஒன்று போதும்.

வவுனியா கணக்கு:
அக்கா சொல்வது முழுக்கச் சரி, அதனால் கேட்பதைப் பிரித்துக் கேட்க வேண்டும் என்பது என் எண்ணம். பற்றுச்சீட்டு, என்னென்ன சேர்ந்தது என்ற எழுத்து, ரத்தானால் எத்தனை நாளில் காசு (ஐரோப்பாவில் 14 நாள்), இவற்றுக்கு அவகாசமே வேண்டாம். அவகாசம் உண்மையில் வேண்டியது நிறுவனம் முறிந்தால் வாடிக்கையாளரின் காசைக் காப்பாற்றும் உத்தரவாதத்துக்குத்தான். 2019 செப்டெம்பரில் தோமஸ் குக் என்ற பெரிய பிரித்தானியப் பயண நிறுவனம் முறிந்தபோது வெளிநாடுகளில் நின்ற ஒன்றரை இலட்சம் பிரித்தானியப் பயணிகளைத் திருப்பிக் கொண்டுவர வேண்டியிருந்தது, அதற்கு அங்கே ஏற்கனவே ஒரு ஏற்பாடு இருந்தது. இங்கே இரண்டு வான் வைத்திருப்பவருக்கு எந்த வங்கி, எந்தக் காப்புறுதி அதைத் தரும்? முதலில் அது விற்பனைக்கு வரவேண்டும், பிறகுதான் கட்டாயமாக்கலாம்.

விலையையும் பாருங்கள். ஐரோப்பாவில் எரிபொருள், வரி, நாணய மாற்று இவற்றுக்காக மட்டும்தான் பிறகு விலை கூட்டலாம், அதுவும் ஒப்பந்தத்தில் முன்பே சொல்லியிருந்தால்தான், பயணத்துக்குக் குறைந்தது 20 நாள் முன்னதாக அறிவித்து. 8 வீதத்துக்கு மேல் போனால் வாடிக்கையாளர் செலவில்லாமல் விலகலாம். நல்ல விதி. ஆனால் 2022 தொடக்கத்தில் ஒரு லீற்றர் டீசல் 121 ரூபாய், யூன் கடைசியில் 460. அந்த வருடம் மாசியில் விலை பேசியவர் என்ன செய்வார்? இப்படியான இடத்தில் எங்கள் நாட்டுக்கு ஏற்றபடி எழுதச் சொல்லி இப்போதே கேட்க வேண்டும், சட்டம் வந்த பிறகு அழுது பயனில்லை.

தமிழ் வடிவத்தையும் விட்டுவிடாதீர்கள். சட்டம் மூன்று மொழியிலும் வரும். ஆனால் வழிகாட்டிக் குறிப்பும் மாதிரிப் படிவமும் தமிழில் கையில் கிடைத்த நாளிலிருந்துதான் எங்கள் காலம் ஓடத் தொடங்க வேண்டும்.

கரைச்சி வான்:
எல்லோருக்கும் நன்றி. அக்கா, உங்கள் பதிவைத் தங்கச்சிக்கு வாசித்துக் காட்டினேன், அவள் ஒன்றும் பேசாமல் எங்கள் முற்பணக் கொப்பியை எடுத்துப் புரட்டினாள். போன வருடத்தில் நாங்களும் ஏழு பேருக்கு வட்ஸ்அப்பில் “கிடைத்தது” என்று மட்டும் போட்டு விட்டிருக்கிறோம். இன்றைக்கே இரட்டைப் பிரதி பற்றுச்சீட்டுப் புத்தகம் அச்சடிக்கக் கொடுத்துவிட்டேன், பக்கேஜில் சேர்ந்தது, சேராதது, ரத்தானால் திரும்பும் தொகை எல்லாம் பின்பக்கத்தில் தமிழில். கூட்டத்தில் கேட்கப்போவது இதுதான்: பற்றுச்சீட்டும் காசு திருப்பலும் முதல் நாளிலிருந்து, உத்தரவாதத்துக்கு மட்டும் தமிழ்ப் படிவம் வந்த நாளிலிருந்து ஒரு வருடம், புதிய விதி பொருந்துமா என்பது வாடிக்கையாளர் பதிவு செய்த திகதியைப் பார்த்து. மல்லாவி அண்ணை, முடிந்தால் அந்தத் தகவல் படிவத்தின் ஒரு பிரதியை அனுப்புங்கோ, தமிழில் எழுதிப் பார்க்கிறோம்.