தேவாரமும் நாயனமும் ஒரே அறையில்: கண்டென்சர் வாங்குவதா, டைனமிக் வாங்குவதா?

பாமணிக்கரை:
வணக்கம். மன்னார்குடியில் எங்கள் வீட்டு மாடி அறையை ஒலிப்பதிவுக்கு ஒதுக்கியிருக்கிறோம். பத்துக்குப் பன்னிரண்டு அடி, கான்கிரீட் கூரை, மொசைக் தரை, ஜன்னலுக்குக் கீழே பஸ் போகிற தெரு. அக்கா தேவாரம் பாடுவார், அப்பா பாரி நாயனம் (நீளமான நாதஸ்வரம்) வாசிப்பார். இரண்டையும் பதிவு செய்து யூடியூபில் ஏற்ற வேண்டும். மைக்கைக் கணினியோடு இணைக்கிற இன்டர்ஃபேஸ் கையில் இருக்கிறது, ஃபோகஸ்ரைட் 2ஐ2, மூன்றாம் தலைமுறை. மைக்குக்கு மட்டும் பதினைந்தாயிரம் வரை போகலாம். எல்லா வீடியோவிலும் தெரிகிற ஷூர் எஸ்எம்7பி மைக் கைக்கு எட்டாது. மேடையில் வைக்கிற முரட்டு டைனமிக்கா, மின்சாரம் கொடுத்தால்தான் வேலை செய்கிற நுட்பமான கண்டென்சரா?

மாயவரம் தவில்:
தம்பி, யோசிக்கவே வேண்டாம், டைனமிக். ஷூர் எஸ்எம்57 வாங்கு. 1965இல் வந்த மைக், இன்றைக்கும் மேடையில் தவிலுக்கும் நாயனத்துக்கும் அதைத்தான் வைக்கிறார்கள், கீழே விழுந்தாலும் ஒன்றும் ஆகாது. கண்டென்சர் வாங்கினால் பஸ் ஹாரன், பக்கத்து வீட்டு மிக்ஸி, மோட்டார், மின்விசிறி எல்லாம் அக்கா குரலோடு சேர்ந்து வந்து விழும். அதெல்லாம் சென்னையில் அறை கட்டி வைத்திருக்கிறவர்களுக்கு. நம் ஊர் வீட்டுக்கு டைனமிக்தான்.

குடந்தை ஒலி:
அண்ணே, இதை எல்லோரும் சொல்கிறார்கள், ஆனால் காரணம் தப்பு. ஹாரன் எது, அக்காவின் குரல் எது என்று டைனமிக் மைக்குக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. எஸ்எம்57, ஆடியோ-டெக்னிகாவின் கண்டென்சர் ஏடி2020 இரண்டுமே கார்டியாய்டுதான், முன்னால் கேட்கும், பின்னால் கேட்காது. இரண்டையும் ஒரே தூரத்தில் வைத்து, குரலின் அளவைச் சமமாக்கிக் கேட்டால், இரண்டிலும் ஹாரன் கிட்டத்தட்ட ஒரே அளவுதான் இருக்கும். டைனமிக்கில் சத்தம் குறைவாகத் தெரிவது, அதை வாயை ஒட்டி வைத்துப் பாடுவதால். தூரம் இரண்டு மடங்கானால் குரல் 6 டெசிபல் குறையும். 5 சென்டிமீட்டரில் பாடுகிறவர் 20 சென்டிமீட்டருக்கு நகர்ந்தால் 12 டெசிபல் போச்சு, அறைச் சத்தம் அப்படியே நிற்கும். கண்டென்சரையும் ஒட்டி வைத்துப் பாருங்கள், அதிலும் ஹாரன் அடங்கிவிடும்.

மாயவரம் தவில்:
சரி, கணக்கு சரியாகவே இருக்கட்டும். அப்போது ஒட்டி வைத்துப் பாடச் சொல்லு, முடிந்தது வேலை. அதற்கு டைனமிக்தானே தோது? கண்டென்சரை வாயில் வைத்தால் ஒவ்வொரு மூச்சும் புஸ் புஸ் என்று விழும்.

குடந்தை ஒலி:
சினிமாப் பாட்டு என்றால் சரி என்பேன். தேவாரத்துக்கு ஒத்து வராது. பண்ணில் நின்று, மேலே போகும்போது குரலைத் திறந்து பாடுகிறவர் தலையை அசைக்காமல் இருக்க மாட்டார், இருக்கவும் கூடாது. 5 சென்டிமீட்டரில் இருந்து 10க்கு நகர்ந்தால் 6 டெசிபல் விழுகிறது. அதே 5 சென்டிமீட்டர் அசைவு 30இல் இருந்து 35க்கு என்றால் ஒன்றரை டெசிபல்கூட வராது. வரிக்கு வரி சத்தம் ஏறி இறங்குவதைப் பின்னால் உட்கார்ந்து சரிசெய்கிறவருக்குத்தான் அந்த வலி தெரியும். தவிர, ஒட்டிப் பாடினால் கீழ்ஸ்தாயி வீங்கிக்கொண்டு கேட்கும், எந்தக் கார்டியாய்டுக்கும் உள்ள குணம் அது.

இன்னொன்று, கெயின், அதாவது மைக்கின் சிக்னலை இன்டர்ஃபேஸ் பெருக்குகிற அளவு. ஏடி2020ஐ விட எஸ்எம்57 தருகிற சிக்னல் ஏறத்தாழ 19 டெசிபல் குறைவு. தம்பியிடம் இருக்கிற 2ஐ2இல் மொத்தக் கெயினே 56 டெசிபல். ஓர் அடி தள்ளி நின்று மெதுவாக விருத்தம் எடுத்தால் குமிழைக் கடைசி வரை திருக வேண்டியிருக்கும், அடியில் இரைச்சல் எழும்பும். கண்டென்சருக்குக் குமிழ் பாதிக்குப் பக்கத்திலேயே நிற்கும். கண்டென்சருக்கு மின்சாரம் தருகிற 48 வோல்ட் பொத்தான் அந்த இன்டர்ஃபேஸிலேயே இருக்கிறது.

மாயவரம் தவில்:
ஓர் அடி தள்ளி நின்று பாடினால் அந்த மொசைக் அறை எதிரொலிக்குமே, அதை யார் வந்து எடுத்துத் தருவது? நீ சொல்கிற நியாயம் எல்லாம் நல்ல அறைக்கு. அப்புறம் நாயனத்தை ஏன் யாரும் பேசவில்லை? அது திறந்தவெளிக்கு என்றே பிறந்த வாத்தியம். கோயில் வீதியில் நான்கு தெரு தாண்டிக் கேட்க வேண்டும் என்று செய்தது. திமிரி என்ற குட்டை நாயனத்தின் கூர்மையைக் குறைத்து, நாதஸ்வர வித்வான் ராஜரத்தினம் பிள்ளை நீளமான பாரியை நிலைநிறுத்தினார், சுருதி இறங்கியது, ஆனால் சத்தம் என்ன குறைந்துவிட்டதா? பத்தடி அறையில் அதை ஊதினால் கண்டென்சர் கிழிந்துவிடும்.

குடந்தை ஒலி:
கிழியாது. ஏடி2020 தாங்குகிற உச்ச அளவு 144 டெசிபல் என்று தயாரிப்பாளரே போட்டிருக்கிறார். கரகரவென்று உடைந்து கேட்டால் பெரும்பாலும் இன்டர்ஃபேஸின் கெயின் அதிகம் என்று அர்த்தம். 24 பிட்டில் பதிவு செய்து, அப்பா உச்சத்தில் பிடிக்கிற ஸ்வரம் மீட்டரில் மைனஸ் 12 டெசிபல் பக்கம் நிற்கிற மாதிரி இறக்கி வைத்தால் போதும்.

ஆனால் அறையைப் பற்றிச் சொன்னது சரி அண்ணே. அந்த அறையில் நாயனம் எந்த மைக்கிலும் நன்றாக வராது. வாயில் வைக்கிற சீவாளிப் பக்கம், விரல் துளைகள், அடியில் விரிந்திருக்கிற அணசு என்று ஒலி பல இடத்தில் இருந்து கிளம்பிச் சேர்ந்துதான் அந்த நாதம், ஒரு மீட்டராவது தள்ளி வைத்தால்தான் முழுசாக வரும். அணசுக்கு நேரே வைத்தால் காதைக் குத்தும்.

வேதாரண்யம் அக்கா:
இரண்டு பேரும் ஒன்றை விட்டுவிட்டீர்கள். ஐப்பசி கார்த்திகையில் இந்தப் பக்கம் காற்றே நனைந்து கிடக்கும். கண்டென்சரின் தகட்டில் ஈரம் ஏறினால் பொட் பொட் என்று வெடிக்கிற சத்தம் வரும், காய்ந்தால் பல நேரம் சரியாகிவிடும். கடலோரம் என்றால் உப்பும் சேரும். நான் கண்டென்சர்தான் வைத்திருக்கிறேன். வேலை முடிந்ததும் ஸ்டாண்டிலேயே விட மாட்டேன், ரப்பர் வளையம் வைத்த மூடி உள்ள டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு போட்டு மூடிவிடுவேன். இந்தப் பழக்கம் வராது என்று தோன்றினால் தம்பி டைனமிக்கே வாங்கலாம்.

கரண்ட் போய் இன்வெர்ட்டரில் ஓடும்போது பதிவு செய்யாதீர்கள். ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டராக இருந்தால் ஒரு ரீங்காரம் கூடவே வரும். லேப்டாப்பை சார்ஜரில் இருந்து கழற்றி பேட்டரியில் ஓட்டுங்கள், 2ஐ2 அதிலிருந்தே மின்சாரம் எடுத்துக்கொள்ளும்.

பாமணிக்கரை:
அக்கா, நன்றி. டப்பா விஷயம் முடியும். எதிரொலிக்கு என்ன செய்வது? ஃபோம் ஒட்டலாமா?

குடந்தை ஒலி:
மெல்லிய ஃபோமுக்குக் காசைக் கொட்டாதே தம்பி, அது மேல்ஸ்தாயிச் சலசலப்பை மட்டும் எடுக்கும், குரலின் கனம் அறையில் அப்படியே சுற்றும். வீட்டில் இலவம்பஞ்சு மெத்தை இருக்குமே, இரண்டை அக்காவின் முதுகுக்குப் பின்னால் சுவரில் இருந்து ஒரு சாண் தள்ளி நிறுத்து. பலர் மைக்குக்குப் பின்னால்தான் வைக்கிறார்கள், ஆனால் மைக் கேட்கிற திசை பாடுகிறவரின் பக்கம், அவருக்குப் பின்னால் இருக்கிற சுவரில் பட்டுத் திரும்புவதுதான் நேரே உள்ளே போகும். தரையில் கனமான ஜமக்காளம் விரி. மைக்கை வாய்க்கு மேலே, நெற்றி உயரத்தில் வைத்து கீழ்நோக்கிச் சாய். அப்போது மைக்கின் முதுகு கூரைப் பக்கம் திரும்பும், மின்விசிறியின் சத்தம் ஓரளவு குறையும், மூச்சும் நேரே படாது. முடிந்தால் ஒரு பதிகம் முடிகிற வரை விசிறியை நிறுத்திவிடு.

காசு மிச்சம் இருந்தால் ரோட் என்டி1-ஏ என்ற கண்டென்சரின் விலையையும் பார். மைக் தானாகவே எழுப்புகிற சொந்த இரைச்சல் அதில் 5 டெசிபல்தான், ஏடி2020க்கு 20. பஸ் தெருவில் அந்த வித்தியாசம் பகலில் தெரியாது, ராத்திரி பத்து மணிக்குமேல் பாடினால் தெரியும்.

மாயவரம் தவில்:
அக்காவுக்குக் கண்டென்சர் என்பதை ஒத்துக்கொள்கிறேன், மெத்தை நிறுத்துகிறதாக இருந்தால். நாயனத்துக்கு ஒத்துக்கொள்ள மாட்டேன். கண்டென்சரின் மேல்பக்கம் சீவாளியின் கரகரப்பைத் தோலுரித்துக் காட்டும், எஸ்எம்57இல் அது ஜனங்கள் கோயிலில் கேட்டுப் பழகிய நாயனமாகக் கேட்கும். தம்பி, ஒரு வேலை செய். உங்கள் ஊர் மைக்செட்காரரிடம் எஸ்எம்57ஓ அதே ஷூரின் எஸ்எம்58ஓ கேட்டு ஒரு நாள் வாடகைக்கு எடு. அப்பாவை மாடி அறையில் உட்கார வைக்காதே, கூடத்திலோ முற்றத்திலோ உட்காரட்டும்.

பாமணிக்கரை:
சரி அண்ணே. அக்காவுக்குக் கண்டென்சர் வாங்குகிறேன், அப்பாவுக்கு அதையும் வாடகை மைக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரே வாசிப்பை இரண்டிலும் பிடித்துப் பார்க்கிறேன்.

குடந்தை ஒலி:
நல்லது. வாடகைக்கு வருவது அசல் ஷூர்தானா என்று பார்த்துக்கொள், அந்த இரண்டிலும் போலி நிறைய உலவுகிறது. கேட்பதற்கு முன்னால் இரண்டு பதிவின் அளவையும் சமமாக்கிவிடு, கொஞ்சம் உரக்கக் கேட்பது எதுவோ அதுதான் நன்றாக இருப்பதாகக் காது சொல்லும். எது எந்த மைக் என்று சொல்லாமல் அப்பாவிடம் போட்டுக் காட்டு. அவர் எதைச் சொல்கிறாரோ அதையே வைத்துக்கொள், நானும் மாயவரத்து அண்ணனும் என்ன சொன்னாலும் சரி.

மாயவரம் தவில்:
இதற்கு மட்டும் சம்மதம். பதிவை இங்கே போடு தம்பி, காபி ராகம் என்றால் இன்னும் நல்லது.