சொல் கண்டுபிடிக்கும் விளையாட்டு ஒருபக்கமாகவே சாய்கிறது

பாளையங்கோட்டையில் எங்கள் சபையின் வாலிபர் கூடுகையை நடத்துகிறேன். 14 முதல் 22 வயது வரை 24 பேர், நான்கு அணிகள். ஒருவர் அட்டையிலுள்ள வேதாகமச் சொல்லை, தடை செய்த மூன்று சொற்களைத் தொடாமல், ஒரு நிமிடத்துக்குள் தன் அணிக்கு உணர்த்த வேண்டும். ‘நோவா’ என்றால் பேழை, மழை, வெள்ளம் மூன்றும் கூடாது.

மூன்று சனிக்கிழமைகளாக ஒரே கதை. ஓய்வுநாள் பள்ளியில் (சபையின் ஞாயிறு வேத வகுப்பில்) வளர்ந்தவர்கள் ‘காட்டத்தி மரம்’ என்றதும், இயேசுவைப் பார்க்க அதில் ஏறிய ‘சகேயு’வின் பெயரைக் கத்திவிடுகிறார்கள். ஆங்கில வழியில் படித்தவர்களுக்கோ ‘ஆயக்காரன்’ (வரி வசூலிப்பவன்) என்பதை வாசிக்கவே அரை நிமிடம் போகிறது. வாசித்தாலும் பொருள் தெரியவில்லை. போன வாரம் இருவர் பாதியிலேயே செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள்.

நேரத்தை 90 விநாடியாக்கினேன். தெரிந்தவர்களின் மதிப்பெண்தான் ஏறியது. அணிகளைக் கலைத்துப் போட்டேன்; அணிக்கு ஒருவரே எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறார். அட்டையில் ஆங்கிலமும் சேர்த்தேன். தமிழைப் பார்ப்பதையே விட்டுவிட்டார்கள், அதில் எனக்கு வருத்தம்தான். பரோட்டா, பம்பரம் என்று பொதுச் சொற்களை வைத்தால் கூடம் கலகலக்கிறது. ஆனால் சபை மூப்பர்கள் முகம் சுளிக்கிறார்கள்.

வரும் சனிக்கிழமைக்குள் 40 அட்டைகள் எழுத வேண்டும். இரு தரப்பும் சமமாக ஆட, சொற்களை எப்படித் தேர்ந்தெடுப்பது?