அணியின் தலையில் சேர்க்கவும் குறைக்கவும்: தலைச்சேர், தலைக்குறை

அனைவருக்கும் வணக்கம்.

நிரலாக்கச் சொற்களுக்கு நாம் தொகுக்கும் தமிழ்ச் சொற்பட்டியலுக்காக இதை எழுதுகிறேன். அணி (array) என்பது பல மதிப்புகளை வரிசையாக வைத்திருக்கும் தொகுப்பு. அதன் முதல் உறுப்பை எடுத்துத் தரும் ஷிப்ட் (shift), முதல் உறுப்புக்கு முன்னால் புதியதைச் சேர்க்கும் அன்ஷிப்ட் (unshift) ஆகிய இரண்டு செயல்களுக்கும் 'நகர்த்து', 'எதிர்நகர்த்து' என்றே முடிவு செய்துவிடலாம் என்ற கருத்து வலுத்து வருகிறது. அந்தச் சொற்கள் பட்டியலில் ஏறிவிட்டால் பிறகு இறக்குவது கடினம். அதனால்தான் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில், ஆங்கிலத்தில் ஏன் அந்தப் பெயர் வந்தது என்று பார்த்துவிடுவோம். கணினிக்குக் கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் யூனிக்ஸ் ஷெல்லில் ஷிப்ட் என்று கட்டளையிட்டால், நிரலுக்குக் கொடுத்த மதிப்புகளில் (அளபுருக்களில்) முதலாவது போய்விடும், இரண்டாவது முதலாவதாகும், மூன்றாவது இரண்டாவதாகும். வேலூரில் மருத்துவமனைக்கு வந்து காத்திருந்தவர்களுக்கு இது பழகிய காட்சி. நீண்ட பெஞ்சில் முதலில் இருப்பவர் டாக்டரைப் பார்க்க எழுந்து போனதும், மற்ற எல்லாரும் ஓர் இடம் தள்ளி உட்காருவார்கள். ஷிப்ட் என்ற பெயர் பெஞ்சில் மிச்சம் இருப்பவர்களைப் பார்த்து வைத்த பெயர். நிரல் எழுதுபவருக்கு வேண்டியதோ உள்ளே போனவர். அன்ஷிப்ட் இதைவிட மோசம். ஷிப்டுக்கு எதிர்ப்பதம் வேண்டுமே என்று ஒட்டவைத்த சொல் அது. ஒன்றைச் சேர்க்கிறோம் என்ற பொருளே அதில் இல்லை. அந்தக் குறையைத் தமிழுக்கும் சுமந்து வர வேண்டிய கட்டாயம் நமக்கு இல்லை.

நகர்த்து என்றால் அந்தச் செயலின் செலவு மாணவனுக்குப் புரியும் என்று இங்கே ஒருவர் வாதிட்டார். நல்ல வாதம்தான். பைத்தானில் ஒரு லட்சம் உறுப்புள்ள பட்டியலின் முன்னால் ஒன்றைச் செருகினால் அந்த ஒரு லட்சமும் ஓர் இடம் தள்ளிப் போக வேண்டும். ஆனால் எல்லா மொழிகளிலும் இப்படியே நடப்பதில்லை. பெர்ல் மொழியில் ஷிப்ட் செய்தால் மீதி உறுப்புகள் நினைவகத்தில் இருந்த இடத்திலேயே இருக்கும். அணி எங்கே தொடங்குகிறது என்ற குறிப்பு மட்டும் ஓரிடம் முன்னேறும். அங்கே எதுவுமே நகரவில்லை, 'நகர்த்து' என்று பெயர் மட்டும் இருக்கும். உள்ளே எப்படிச் செய்கிறார்கள் என்பது மொழிக்கு மொழி மாறும். பெயரோ என்ன நடக்கிறது என்பதைச் சொல்ல வேண்டும். அதோடு, பிட்டுகளை இடமும் வலமும் தள்ளும் செயற்குறிக்கு நகர்த்தல் என்பதே பொருத்தமான சொல். ஒரே பாடத்தில் ஒரே சொல்லை இரண்டு வேலைக்கு வைத்தால் பிள்ளைகள் தடுமாறுவார்கள்.

ஷிப்ட் என்றே விட்டுவிடலாம் என்பவர்களுக்கு: ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஷிப்ட் என்றால் தோல் தொழிற்சாலையிலும் ஷூ கம்பெனியிலும் அம்மாவோ அப்பாவோ போகும் வேலை நேரம். விசைப்பலகையிலும் ஒரு ஷிப்ட் இருக்கிறது. மூன்றாவதாக ஒன்று வேண்டாம்.

ஷிப்டுக்கு 'முன்னெடு' என்ற சொல் எனக்கும் முதலில் பிடித்திருந்தது. ஆனால் செய்தித்தாள்கள் அதை வேறு பொருளுக்கு எடுத்துக்கொண்டுவிட்டன. திட்டத்தை முன்னெடுக்கிறார்கள், போராட்டத்தை முன்னெடுக்கிறார்கள். முன்னால் கொண்டு செல்வது என்றுதான் எவரும் படிப்பார்கள். 'தலையெடு' என்றால் தழைத்து மேலே வருவது, நமக்கு வேண்டியதற்கு நேர் எதிர். 'தலைநீக்கு' என்று வகுப்பில் சொல்லவே நா எழாது.

இனி என் பரிந்துரை. இதற்கான சொல் நம் இலக்கணத்திலேயே இருக்கிறது. ஒரு சொல்லின் முதலெழுத்து குறைந்தால் தலைக்குறை, நடுவெழுத்து குறைந்தால் இடைக்குறை, கடைசி எழுத்து குறைந்தால் கடைக்குறை. தாமரை மரையாவது தலைக்குறை. ஓந்தி ஓதியாவது இடைக்குறை. நீலம் நீல் ஆவது கடைக்குறை. இந்த மூன்றையும் பள்ளியில் படிக்காதவர் நம்மில் குறைவு. சொல் என்பது எழுத்துகளின் அணி என்று எடுத்துக்கொண்டால், ஷிப்ட் செய்வது தலைக்குறை, கடைசி உறுப்பை எடுக்கும் பாப் (pop) செய்வது கடைக்குறை. உவமைக்காகச் சொல்லவில்லை, செயலே அதுதான்.

ஜாவாஸ்கிரிப்டில் இதை ஓட்டியே காட்டலாம். தாமரை என்ற சரத்தை (எழுத்துத் தொடரை) அப்படியே பிரித்து அணியாக்கினால் த, துணைக்கால், ம, ர, ஐகாரக் குறி என்று ஐந்து உறுப்புகள் வரும், ஏனென்றால் எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யூனிகோடு முறையில் உயிர்க்குறிகளுக்குத் தனி எண். அதன்மேல் ஷிப்ட் செய்தால் த மட்டும் போய், துணைக்கால் அநாதையாக முன்னால் நிற்கும். எழுத்தெழுத்தாகப் பிரிக்கும் இன்டில் செக்மென்டர் (Intl.Segmenter) என்ற கருவியைக் கொண்டு பிரித்தால் தா, ம, ரை என்று மூன்று உறுப்புகள். இப்போது ஷிப்ட் செய்தால் தா கைக்கு வரும், அணியில் மரை மிஞ்சும். தமிழ் இலக்கணம், அணி, யூனிகோடு மூன்றையும் ஒரே பயிற்சியில் தொடும் இப்படிப்பட்ட எடுத்துக்காட்டு வேறெந்தச் சொல்லுக்கும் அமையாது.

சேர்ப்பதற்குத் தலைச்சேர். இதற்குக் காட்பாடிப் பாதையை எடுத்துக்கொள்ளுங்கள். காட்பாடி, குடியாத்தம், ஆம்பூர், வாணியம்பாடி, ஜோலார்பேட்டை என்று ஓர் அணி இருக்கிறது. சென்னைப் பக்கத்து நிலையங்களை முன்னால் சேர்க்க வேண்டும். அரக்கோணம், வாலாஜா ரோடு இரண்டையும் ஒரே அழைப்பில் கொடுத்தால் கொடுத்த வரிசையிலேயே போய் நிற்கும்: அரக்கோணம், வாலாஜா ரோடு, காட்பாடி. சரி. அதையே முதலில் அரக்கோணம், பிறகு வாலாஜா ரோடு என்று இரண்டு அழைப்பாகச் செய்தால் வாலாஜா ரோடு, அரக்கோணம், காட்பாடி என்று ஆகிவிடும். ரயில் வாலாஜாவில் கிளம்பி அரக்கோணத்துக்குத் திரும்பிப் போகும். இந்த இடத்தில் மாணவர்கள் திகைப்பதைப் பார்த்திருக்கிறேன். 'எதிர்நகர்த்து' என்ற சொல் அப்போது ஒன்றும் உதவாது. ஒவ்வொரு முறையும் தலையில்தான் சேர்கிறது, ஆகவே கடைசியாகச் சேர்ந்ததே இப்போது தலை என்று சொன்னால் பெயரே விடை சொல்லிவிடுகிறது.

தலைக்குறை என்றால் எடுத்த உறுப்பு கைக்கு வருவது தெரியவில்லையே என்று கேட்பீர்கள். உண்மைதான், தெரியவில்லை. ஷிப்டிலும் தெரியவில்லை. திரும்பி வருவதை விளக்கத்தில்தான் சொல்ல முடியும். அதிலும் மொழிக்கு மொழி வேறுபாடு உண்டு. ஜாவாஸ்கிரிப்டில் தலைச்சேர் அணியின் புதிய நீளத்தைத் தரும், ரூபி மொழியில் அந்த அணியையே தரும். இதைக் கவனிக்காமல் திரும்பி வருவதை அதே மாறியில் போட்டுக்கொள்பவருக்கு ஜாவாஸ்கிரிப்டில் அணி போய் ஓர் எண் மிஞ்சும். கலைச்சொல் இத்தனையையும் தாங்க வேண்டியதில்லை. தலைக்குறை தரும் உறுப்பைத் தலையுறுப்பு என்று குறிப்பிட்டால் போதும்.

குறை என்றால் குற்றம், முறையீடு என்றும் பொருள் உண்டே என்பது இன்னொரு தடை. சேர் என்பதன் பக்கத்தில் குறை நிற்கும்போது எவருக்கும் அந்த மயக்கம் வராது. வரிசையின் முனைகளைத் தலை, வால் என்று ஏற்கெனவே சொல்லி வருகிறோம். வாலுக்குப் பதில் கடை என்று வைத்துக்கொண்டால் நான்கு சொற்களும் ஒரே குடும்பமாகின்றன: தலைச்சேர், தலைக்குறை, கடைச்சேர், கடைக்குறை. இடையில் வெட்டவும் செருகவும் செய்யும் ஸ்பிளைஸ் (splice) என்ற செயலுக்கு இடைக்குறை பாதிதான் பொருந்தும். அதைத் தனியாகப் பேசுவோம்.

ஒன்று மட்டும் இப்போதே தீர்மானிக்க வேண்டும். நிரலில் செயற்கூறின் (function) பெயராக எழுதும்போது நடுவில் வரும் ச், க் என்ற ஒற்றெழுத்தை விடக் கூடாது. தலைச்சேர் என்றால் தலையில் சேர்; தலைசேர் என்றால் தலையைச் சேர் என்று ஆகிவிடும். தலைக்குறைக்கும் இதே விதி. கணினிக்கு இரண்டும் வெவ்வேறு பெயர்கள் என்பதால் ஒருவர் ஒற்றோடும் மற்றவர் ஒற்றில்லாமலும் எழுதினால் நிரல் ஓடாது. சந்தி இலக்கணத்தில் என்னைவிடத் தேர்ந்த ஐயாக்களும் அம்மாக்களும் இங்கே இருக்கிறீர்கள். நான்கு வடிவங்களையும் ஒரு முறை சரிபார்த்துச் சொன்னால், சொற்பட்டியலில் நானே சேர்த்துவிடுகிறேன்.

அன்புடன்,
வேலூரிலிருந்து