அலுமினியக் குழாயின் ஃப்ளேர் விளிம்பில் வெடிப்பு, சோதனையில் கசிவு: எங்கே தவறுகிறேன்?

கேள்வி (சாட்ஸ்வொர்த், டர்பன்)

அனைவருக்கும் வணக்கம். நான் விமானப் பராமரிப்புத் தொழிலில் மூன்றாம் ஆண்டுப் பயிற்சியாளன். செய்முறைத் தேர்வுக்கு இன்னும் ஐந்து வாரங்களே இருக்கின்றன. வரைபடத்தைப் பார்த்து 1/2 அங்குலக் குழாய் ஒன்றை வெட்டி, இரண்டு இடங்களில் 90 பாகைக்கு வளைத்து, இரு முனைகளின் வாயையும் கூம்பாக விரித்து ஒற்றை ஃப்ளேர் செய்து, ஏ.என். (விமானப் பாகங்களுக்கான தர வரிசை) 819 ஸ்லீவும், அதாவது ஃப்ளேரைப் பின்னிருந்து தாங்கும் வளையமும், ஏ.என். 818 நட்டும் பூட்டி ஒப்படைக்க வேண்டும். குழாய் 5052-ஓ அலுமினியக் கலவை, சுவர்த் தடிமன் 0.035 அங்குலம்.

பயிற்சிப் பட்டறையின் கருவியில் நான் செய்த ஃப்ளேர்களில் பாதிக்கு மேல் விளிம்பில் மயிரிழை போன்ற வெடிப்பு விழுந்தது. வீட்டில் பழகுவதற்காக, குளிர்பதன வேலை செய்யும் என் மாமாவிடமிருந்து ஃப்ளேர் கருவியை வாங்கி வந்தேன். அதில் வெடிப்பு விழவில்லை, பார்வைக்கும் அழகாக இருந்தது. ஆனால் குறைந்த காற்றழுத்தம் கொடுத்துச் சோப்பு நீர் தடவியபோது நட்டைச் சுற்றிக் குமிழி வந்தது. நட்டை இன்னும் இறுக்கினால் குமிழி கூடுகிறதே தவிரக் குறையவில்லை. இரண்டுக்கும் ஒரே காரணமா? அனுபவமுள்ள அண்ணன்மாரும் அக்காமாரும் வழிகாட்ட வேண்டுகிறேன்.

மறுமொழி (ஜெர்மிஸ்டன்)

தம்பி, இரண்டும் வேறு வேறு குறைகள் என்றே எனக்குப் படுகிறது. கசிவை முதலில் பார்ப்போம், ஏனென்றால் அதற்கான விடை உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது. குளிர்பதனக் குழாய்களுக்கும் கார்களின் பிரேக் குழாய்களுக்கும் பெரும்பாலும் 45 பாகை ஃப்ளேர்தான் செய்வார்கள், ஏ.என். வகை விமான ஃபிட்டிங்குகளின் (குழாய் பொருந்தும் இணைப்புப் பாகங்களின்) கூம்போ 37 பாகை. எட்டுப் பாகை வேறுபாடு கண்ணுக்குத் தெரியாது, ஆனால் பொருத்தும்போது தெரிந்துவிடும்.

நம்பிக்கை வராவிட்டால் இதைச் செய்து பாருங்கள். ஃபிட்டிங்கின் கூம்பு முழுவதும் மார்க்கர் மையைத் தடவி, காய்வதற்குள் ஃப்ளேரை அதன் மேல் வைத்து, நட்டைக் கையால் மட்டும் இறுக்கி, பிறகு கழற்றிப் பாருங்கள். சரியான ஃப்ளேரில் மை அகலமான பட்டையாக ஒட்டியிருக்கும். மாமாவின் கருவியில் செய்ததில், குழாயின் துளை ஃப்ளேராகத் திரும்பும் உள்மடிப்பில் மட்டும் நூல் போன்ற ஒரு வளையம் தெரியும். வெளிவிளிம்பை மை தொட்டிருக்காது. நட்டை இறுக்க இறுக்க அந்த நூல் வளையத்தில்தான் முழு அழுத்தமும் விழுகிறது. மென்மையான 5052-ஓ அங்கே நசுங்கி மெலியும், மேலும் இறுக்கினால் ஃப்ளேரே வெட்டுப்பட்டுக் கழன்றுவிடக்கூடும். எனவே அந்தக் கருவியை இன்றே மாமாவிடம் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கையில் பிடித்துப் பழகிய கருவியைத்தான் தேர்வன்றும் கை தேடும்.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்கிறேன்: அழுத்தம் உள்ளே இருக்கும்போது கசியும் நட்டை ஒருபோதும் இறுக்காதீர்கள். அழுத்தத்தை இறக்கி, கழற்றி, காரணத்தைப் பார்த்த பிறகே மீண்டும் பூட்ட வேண்டும்.

மறுமொழி (பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

அண்ணன் கசிவைப் பற்றிச் சொல்லிவிட்டார். நான் வெடிப்பைப் பற்றி எழுதுகிறேன். தம்பி, வெடித்த துண்டுகளை எறிந்துவிட்டீர்களா, வைத்திருக்கிறீர்களா? வைத்திருந்தால் பூதக்கண்ணாடியில் விளிம்பைப் பாருங்கள். வெடிப்பு தொடங்கும் புள்ளியில் ஒரு சிறு கீறலோ பிசிறோ இருக்கிறதா? நான் பார்த்த வெடித்த ஃப்ளேர்களில் பெரும்பாலானவை வாயை விரிக்கும்போது கெட்டவை அல்ல, அதற்கு முன் வெட்டும்போதே கெட்டவை. விளிம்பில் விட்ட கீறல் ஒவ்வொன்றும், குழாயின் வாய் விரியும்போது கிழிசலுக்குத் தொடக்கமாகிவிடுகிறது.

கட்டரை எப்படித் திருகுகிறீர்கள் என்பதையும் எழுதுங்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் சக்கரத்தைச் சிறிதளவே முன்னேற்ற வேண்டும். அவசரப்பட்டு அழுத்தினால் குழாய் உள்நோக்கிக் குவிந்து, தடித்த பிசிறு நிற்கும். அந்தப் பிசிறை எடுக்க உள்பக்கம் ஆழமாகச் சுரண்டினால் சுவர் மெலிந்துவிடும்; மெலிந்த சுவர் விரியும்போது தாங்காது. பிசிறு மட்டும் போக வேண்டும், உலோகம் போகக்கூடாது. பிறகு முனையை மெல்லிய எமரித்தாளில் தேய்த்து, உள்ளே விழுந்த துகளை ஊதித் துடைத்துவிடுங்கள்.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி. மைச் சோதனையில் அண்ணன் சொன்ன நூல் வளையம் அப்படியே தெரிந்தது. வெடித்த துண்டுகளில் ஆறு என்னிடம் இருக்கின்றன. நான்கில் வெடிப்பின் அடியில் கத்தி கீறிய தடம் இருக்கிறது. நான்தான் உள்விளிம்பை அகலமாகச் சுரண்டியிருக்கிறேன். மற்ற இரண்டிலும் தடம் எதுவும் இல்லை. அவை முதல் முறை சிறிதாக வந்துவிட்டதால் மீண்டும் கருவியில் வைத்து விரித்தவை. அதுவும் தவறா?

மறுமொழி (பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

ஆம் தம்பி, அந்த இரண்டும் அதனால்தான் வெடித்திருக்கின்றன. இந்தக் கலவை அடிக்க அடிக்க, வளைக்க வளைக்கக் கடினமாகிக்கொண்டே போகும். ஒரு முறை விரித்த வாய் முன்பிருந்த மென்மையோடு இல்லை; அதையே மறுபடியும் நீட்டினால் கிழியும். ஃப்ளேர் சிறிதாக வந்தால் அந்த முனையை வெட்டி எறிந்துவிட்டுப் புதிதாகத் தொடங்குங்கள். இதற்காகத்தான் குழாயைத் தொடக்கத்திலேயே ஏறக்குறைய பத்து விழுக்காடு நீளமாக வெட்டிக்கொள்ள வேண்டும். நீளம் போதாமல் தவிப்பவர்கள்தான் சிறிய ஃப்ளேரை ஒப்பேற்றப் பார்ப்பார்கள்.

மறுமொழி (ஜெர்மிஸ்டன்)

அக்கா சொன்னது சரி. ஃப்ளேர் சிறிதாக வருவது, குழாயைப் பிடிக்கும் கருவியின் அச்சுக்கு (டை) மேலே குழாய் போதுமான அளவு நீட்டிக்கொண்டிராததால். ஒரு மெல்லிய நாணயத்தின் தடிமன் அளவுக்கு நீட்டிக்கொண்டால் பெரும்பாலும் போதும். ஃப்ளேரின் விட்டம் ஸ்லீவின் வெளிவிட்டத்தைத் தாண்டக்கூடாது. தாண்டினால் நட்டின் மரையில் உரசும். கூம்பில் ஒரு சொட்டு எண்ணெய் இட்டுத் திருகுங்கள்.

தேர்வில் என் கூடப் படித்தவர் ஒருவர் இரண்டாம் முனையை மிக அழகாக விரித்து முடித்த பிறகுதான், நட்டும் ஸ்லீவும் மேசையிலேயே கிடப்பதைப் பார்த்தார். இரு முனைகளும் விரிந்துவிட்டால் அவற்றை எந்த வழியாகவும் ஏற்ற முடியாது. கருவியைத் தொடும் முன் நட், ஸ்லீவ் இரண்டையும் சரியான திசையில் குழாயில் போட்டுவிடுங்கள்.

வளைவைப் பற்றியும் கவனம் வேண்டும். 1/2 அங்குல அலுமினியக் குழாய்க்குக் குறைந்தபட்ச வளைவு ஆரம் 1.25 அங்குலம். வளைவில் நசுங்கியிருந்தால் காலிப்பரில் அளந்து பாருங்கள். சிறிய விட்டம் மூல விட்டத்தில் 75 விழுக்காட்டுக்குக் கீழே, அதாவது 0.375 அங்குலத்துக்குக் கீழே போயிருந்தால் தேர்வாளர் நிராகரிப்பார். நட்டை 150 முதல் 250 அங்குல-பவுண்டு வரை இறுக்க வேண்டும். இங்கே நம் முறுக்கு ஸ்பேனர்கள் நியூட்டன்-மீட்டரில் இருப்பதால், 17 முதல் 28 வரை என்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். குழாய் கோணலாக நின்றால் நட்டைக் கொண்டு இழுத்துச் சேர்க்காதீர்கள், வளைவைத் திருத்துங்கள்.

இன்னொன்று: விமானத்தில் 3/8 அங்குலமும் அதற்குக் குறைவுமான மென்மையான அலுமினியக் குழாய்களுக்கு இரட்டை ஃப்ளேர் (விளிம்பை உள்ளே மடித்து இரு சுவராக்குவது) செய்வதே வழக்கம். உங்கள் வரைபடம் 1/2 அங்குலம் என்பதால் ஒற்றை போதும். வேறு அளவு கொடுத்தால் தாளைக் கூர்ந்து படியுங்கள்.

கேள்வி கேட்டவர்

பத்து நாள்களுக்குப் பிறகு எழுதுகிறேன். 37 பாகைக் கருவியிலேயே, மெதுவாக வெட்டி, சுரண்டாமல் பிசிறை மட்டும் எடுத்து, பன்னிரண்டு முனைகள் செய்தேன். ஒன்றில்கூட வெடிப்பு இல்லை. ஆனால் மூன்றில் ஃப்ளேர் ஒரு பக்கமாகச் சாய்ந்து வந்தது. குழாய் அச்சில் வழுக்கியிருந்தது. அந்த மூன்றும் நான் வன்பொருள் கடையில் வாங்கிய வேறு சுருளிலிருந்து வெட்டியவை. காலிப்பரில் அளந்தபோது விட்டம் 12.0 மில்லிமீட்டர் இருந்தது. 1/2 அங்குலம் என்றால் 12.7 இருக்க வேண்டும். பட்டறைச் சுருளிலிருந்து வெட்டிய ஒன்பதும் சோப்பு நீரில் குமிழி இல்லாமல் தேறின. கடைச் சுருளை மாமாவிடமே கொடுத்துவிட்டேன்.